படத்தின் மூலையை இழுத்தால் கோப்பு சுருங்காது

தாவரவியல் ஆசிரியை ஒருவரின் இணையவழிப் பாடத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பூவின் உறுப்புகள் பற்றி ஒரே ஒரு பக்கம். செம்பருத்தியை நெடுக்காக அறுத்து, படிப்படியாக எடுத்த 20 படங்கள். ஒவ்வொன்றும் அருமை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்க 80 மெகாபைட் செலவானது. "எல்லாப் படத்தையும் சின்னதாக்கித்தானே சார் போட்டேன்?" என்றார்.

இணையவழிப் பாடங்களுக்கான மூடுல் (Moodle) தளத்தில் படத்தை வைத்த பிறகு, அதன் மூலையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். நான் பார்த்தவற்றிலேயே அதிகம் நடக்கும் தவறு இதுதான். இழுத்தால் கண்ணுக்குத்தான் படம் சின்னதாகிறது. கோப்பு அப்படியே இருக்கிறது. 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4000-க்கு 3000 பிக்சல், சுமார் 4 மெகாபைட். மாணவியின் கைபேசி அதை முழுவதும் இறக்கிய பிறகுதான் சுருக்கிக் காட்டும். பதிவேற்றும் முன்பே 1200-க்கு 900 ஆக்கிவிட்டால், பிக்சல்கள் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். இருபது படமும் சேர்ந்து நான்கைந்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பவர்பாயிண்டிலும் கவனம் வேண்டும்: அங்கே வெட்டிய பகுதி மறைகிறதே தவிர, கோப்பை விட்டுப் போவதில்லை. படங்களைச் சுருக்கும் கட்டளையில், வெட்டிய பகுதிகளை நீக்கச் சொன்னால்தான் போகும்.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பி, சுருங்கி வந்ததை எடுத்துப் பாடத்தில் போடுகிறார்கள். வெறும் புகைப்படம் என்றால் தப்பிக்கும். படத்துக்குள்ளேயே உறுப்புகளின் பெயர்கள் எழுதியிருந்தால் வினைதான். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) முறை கூர்மையான விளிம்புகளைச் சுற்றித்தான் முதலில் கறை படிய வைக்கும். தமிழில் அந்தக் கறை போய் உட்காரும் இடம் மெய்யெழுத்தின் புள்ளி. 'மகரந்தத்தாள்' என்ற சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. அவை மங்கினால் நமக்குத் தெரிந்த சொல்லை நாம் ஊகித்துப் படித்துவிடுவோம். அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கும் முதலாண்டு மாணவி எதைக் கொண்டு ஊகிப்பாள்?

ஆகவே புகைப்படத்தை ஜேபெக்கில் நூற்றுக்கு 75, 80 தரத்தில் சேமியுங்கள். கோட்டோவியத்துக்கும் திரைப்பிடிப்புக்கும் பிஎன்ஜி (PNG) வடிவம் பொருந்தும். வரைந்தது, கோடுகளைப் பிக்சலாக்காமல் கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி (SVG) வடிவத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து உடையாது. புகைப்படத்தைப் பிஎன்ஜியில் சேமிப்பது வீண். ஒரு விவரத்தையும் விடாமல் காப்பது அதன் இயல்பு என்பதால் கோப்பு பல மடங்கு பெருத்துவிடும். கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்பி (WebP) என்ற பட வடிவத்தை 2020-இல் ஆப்பிளின் சஃபாரி உலாவியும் ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று தயங்காமல் பயன்படுத்தலாம். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி, சுருக்கும் முன்னும் பின்னும் படம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். அதில் புள்ளிகளைப் பாருங்கள். மூலப்படத்தை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

காணொளியில் பிழை நடந்தால் விலை இன்னும் அதிகம். முழு எச்டியில் எடுக்கும் பல கைபேசிகள் நொடிக்கு ஏறத்தாழ 17 மெகாபிட் எழுதுகின்றன (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட்). 20 நிமிட வகுப்பு இரண்டரை ஜிகாபைட்டாகும். நாளைக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் திட்டத்தில் இருக்கும் மாணவியால் அந்த ஒரு வகுப்பைக்கூட முழுவதும் பார்க்க முடியாது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. ஆசிரியர் அசையாமல் நின்று பேசும் பாடத்துக்கு 720 வரித் தெளிவும் நொடிக்கு ஒரு மெகாபிட்டும் தாராளம். அதே வகுப்பு 150 மெகாபைட்டில் முடிந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்து தரும். இங்கும் ஒரு சோதனை உண்டு: கரும்பலகையில் எழுதியது கைபேசித் திரையில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பிட் வீதத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவை டபிள்யூஏவி கோப்பாகப் போடாதீர்கள். நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் போகும். பேச்சுக்கு 64 கிலோபிட் மோனோ எம்பி3 போதும், அது நிமிடத்துக்கு அரை மெகாபைட்தான்.

கடைசியாகப் பலரும் ஏமாறும் இடம், சரிபார்ப்பு. கல்லூரி வைஃபையில், ஏற்கெனவே பத்து முறை திறந்த பக்கத்தைத் திறந்துவிட்டு "வேகமாகத்தான் வருகிறது" என்பார்கள். அந்தப் படங்களை உலாவி முன்பே சேமித்து வைத்திருக்கிறது. வைஃபையை அணைத்து, கைபேசியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து, அமைப்புகளில் டேட்டா கணக்கை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். தாவரவியல் ஆசிரியை அப்படித்தான் மறுநாள் வீட்டிலிருந்து பார்த்தார். 5 மெகாபைட் காட்டியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று புள்ளிகளும் இருந்தன.