டிவியில் வழக்கைப் பேசும் வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்போது எந்தச் சேனலைத் திருப்பினாலும் இளம் வக்கீல் ஒருவர் அன்றைய வழக்கை விளக்கிக்கொண்டிருக்கிறார். நல்ல விஷயம்தான். முன்பெல்லாம் சட்டம் தெரியாதவர்களே சட்டத்தைப் பற்றி முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால், விவாதங்களுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் என் வயதுக்காரர்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

நீதிபதி பெயரை மாற்றிச் சொல்வது, ரிட் மனுவுக்கும் மேல்முறையீட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் உளறுவது, எதிரே இருப்பவரோடு சேர்ந்து கத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் பார் அறையில் நண்பர்களே கிண்டலடித்துத் திருத்திவிடுவார்கள்.

நீதிபதி கேட்டதை நீதிமன்றத்தின் முடிவாக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பணி நியமனம் தொடர்பான வழக்கு ஒன்று, காலையில் அட்மிஷனுக்கு, அதாவது வழக்கை ஏற்கலாமா என்று பார்க்கும் முதல் விசாரணைக்கு வந்தது. நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்து, “எந்த விதியை வைத்து இந்தப் பட்டியலைப் போட்டீர்கள்? இப்போதே நிறுத்தி வைத்தால் என்ன?” என்று கேட்டார். அவ்வளவுதான், மதியத்துக்குள் ‘அரசுக்கு ஐகோர்ட் குட்டு’ என்று எல்லா இடத்திலும் ஓடியது. அன்று மாலை விவாதத்தில் உட்கார்ந்திருந்த இளம் வக்கீல், “நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தடை வந்த மாதிரிதான்” என்றார். அப்போது அவர் ஆர்டர் காப்பியைப் பார்த்திருக்கவே முடியாது.

காப்பி வந்தபோது அதில் இருந்தவை மூன்றே விஷயங்கள். அரசு வக்கீல் நோட்டீஸ் பெற்றுக்கொண்டார். நான்கு வாரத்தில் பதில் மனு தாக்கல் செய்ய வேண்டும். நியமனங்கள் வழக்கின் இறுதி முடிவுக்குக் கட்டுப்பட்டவை. மூன்றாவது வரியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நியமனங்கள் நடக்கலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். நீதிபதி கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டார், தடை கொடுக்கவில்லை.

பட்டியலில் பெயர் இருந்த ஒரு பெண் சில வாரங்கள் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் கலந்தாய்வுக் கடிதம். அதில் போட்டிருந்த தேதி போய்விட்டது. “தடைன்னு டிவில வக்கீலே சொன்னாரே சார், அதான் போகல” என்றார். அவருக்கான இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போயிருந்தது. ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தனியாக ஒரு ரிட், அதற்கு அலைச்சல், செலவு. டிவியில் பேசியவருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவர் அடுத்த நாள் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

விசாரணையின்போது நீதிபதி கேட்பவை வாதத்தைச் சோதிக்கும் கேள்விகள். யார் பக்கம் மனம் சாய்கிறதோ அந்த வக்கீலையே அதிகம் குடையும் நீதிபதிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தீர்ப்பு எழுதும்போது ஓட்டை இருக்கக் கூடாது என்பதற்காக அப்படிக் கேட்பார்கள். பத்து நாள் கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்த ஜூனியருக்கே தெரியும் சங்கதி இது. கேமரா முன்னால் உட்கார்ந்ததும் எப்படி மறந்துபோகிறது என்றுதான் புரியவில்லை.

இதில் நம் ஊரிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2021 ஏப்ரல் 26 அன்று, கொரோனா இரண்டாம் அலையின் நடுவில், கரூர் வாக்கு எண்ணிக்கை மையப் பாதுகாப்பு தொடர்பான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே பதியலாம் என்கிற அளவுக்கு அமர்வு வாய்மொழியாகக் கடிந்துகொண்டது. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அன்றைய எழுத்துபூர்வ உத்தரவில் அந்த வாசகம் இல்லை. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மே 6-ஆம் தேதி சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வார்த்தைகள் கடுமையானவை, பொருத்தமற்றவை என்று சொன்னது. ஆனால் வாய்மொழிக் கருத்து நீதிமன்ற ஆவணத்தின் பகுதியே அல்ல, ஆகவே அதை நீக்குவது என்ற கேள்வியே எழவில்லை என்று முடித்துவிட்டது. நீதிமன்றத்தின் கருத்து என்பது தீர்ப்பிலும் உத்தரவிலும் இருப்பதுதான்.

அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு. வாய்மொழிக் கருத்துகளைச் செய்தியாக்கக் கூடாது என்று ஆணையம் கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே நீதிபதி கேட்டதை மறைக்கச் சொல்லவில்லை நான். தாராளமாகச் சொல்லுங்கள். “விசாரணையின்போது நீதிபதி இப்படிக் கேட்டார், அரசுத் தரப்பு இப்படிப் பதில் சொன்னது, உத்தரவு இன்னும் வரவில்லை” என்று சொல்லுங்கள். மூன்றாவது வாக்கியத்தை விழுங்கிவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் சொல்வதுதான் பிரச்சினை.

2022 செப்டம்பரிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் நேரலையில் வருகின்றன. அதன் பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. நாள் முழுக்க நடந்த வாதத்தில் 40 விநாடித் துண்டை வெட்டிப் போட்டு, “பாருங்கள், நீதிபதியே சொல்லிவிட்டார்” என்கிறார்கள். அந்தத் துண்டைப் போட்டு உங்களிடம் கருத்துக் கேட்டால், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். “முழுதாகப் பார்க்கவில்லை” என்று சொன்ன வக்கீலை எந்தச் சேனலும் துரத்திவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தண்டனை நிறுத்தமும் தீர்ப்புக்குத் தடையும்

அரசியல்வாதிகள் வழக்கில் தினமும் குழப்பப்படுவது இது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டால் ஆள் சிறைக்குப் போகவேண்டாம், அவ்வளவுதான். ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். பதவி பறிபோவது அந்தத் தீர்ப்பால். 2013-இல் லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு, மேல்முறையீடு செய்துவிட்டேன் என்று சொல்லிப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கவும் வழியில்லை.

2014 அக்டோபர் 17-இல் ஜெயலலிதாவுக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். ஆனால் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 மே 11-இல் விடுதலை செய்யும்வரை அவரால் முதல்வராக முடியவில்லை. பொன்முடி வழக்கு இன்னும் தெளிவு. 2023 டிசம்பரில் மூன்றாண்டு தண்டனை விதித்த சென்னை உயர் நீதிமன்றமே, மேல்முறையீட்டுக்காக அதை 30 நாள் நிறுத்தியும் வைத்தது. ஆனாலும் எம்.எல்.ஏ. பதவி போனது. 2024 மார்ச் 11-இல் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைத்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்போதும் ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்துவைக்க மறுத்து, மறுபடி உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மார்ச் 22-இல் அமைச்சரானார். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால், “ஜாமீன் கிடைத்துவிட்டதே, பிறகென்ன?” என்று கேட்கும் பார்வையாளருக்கு உங்களிடம் பதில் இருக்காது.

‘உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது’

உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவை எடுத்த எடுப்பிலேயே, காரணம் எதுவும் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகாது. ‘இதில் நாங்கள் தலையிட விரும்பவில்லை’ என்பதோடு சரி. குன்ஹயம்மது வழக்கில் 2000-ஆம் ஆண்டே தீர்ந்துபோன விஷயம் இது. தள்ளுபடி உத்தரவில் காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய பிரிவு எண்கள்

இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கான 420 இப்போது 318, கொலைக்கான 302 இப்போது 103. ஆனால் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இ.பி.கோ.தான். குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள்.

நீதிபதியை யார் நியமித்தது என்பதிலிருந்து தொடங்குவது

தீர்ப்பின் காரணங்களைச் சொல்லி முடித்த பிறகும் தேவைப்பட்டால் சொல்லுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

பாலியல் வழக்கில் அடையாளம்

பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், கல்லூரி, வகுப்பு எதுவும் வேண்டாம். ‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்பது சட்டத்தில் பதில் இல்லை.

தான் ஆஜராகும் வழக்கைப் பேசுவது

கூடாது.

முழுத் தீர்ப்பு வருமுன் முழு விளக்கம்

தமிழக ஆளுநர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 காலை தீர்ப்பளித்தது. ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 400 பக்கத்துக்கும் மேற்பட்ட முழுத் தீர்ப்பு இணையத்தில் ஏறியது ஏப்ரல் 11 இரவு. இடைப்பட்ட நாட்களில் எத்தனை விவாதங்கள்! மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கும் மூன்று மாதக் கெடு என்ற, பின்னர் பெரும் சர்ச்சையான பகுதி, முழுத் தீர்ப்பு வந்த பிறகுதான் பெரிய செய்தியானது. அதுவரை பேசியவர்கள் பாதித் தீர்ப்பைத்தான் பேசியிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கும்போது, நீதிமன்றம் இப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. அன்றும் அதே வேகம். அது அரசியல் சாசனத்தின் 143-ஆவது பிரிவின் கீழ் ஆலோசனையாகச் சொல்லப்பட்ட கருத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல என்பதைச் சொல்ல நிறைய பேருக்கு நேரமில்லை.

காலையில் தீர்ப்பு வந்தால் மாலை பேசாமல் இருக்க முடியாது, சரி. கோர்ட் ஹாலில் வாசிக்கப்பட்ட பகுதி எது, நீங்கள் ஊகிப்பது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். முழுத் தீர்ப்பு வந்ததும் இன்னொரு முறை பேசுகிறேன் என்று சேனலிடம் கேளுங்கள். கூப்பிட மாட்டார்கள். அப்போது உங்கள் பக்கத்திலேயே எழுதிப் போட்டுவிடுங்கள்.

யார் ஜெயிப்பார்கள்?

நிகழ்ச்சி முடியும் நேரத்தில், “சரி, ஒரே வரியில் சொல்லுங்கள்” என்று தொகுப்பாளர் இதைக் கேட்பார். அடுத்த விசாரணைத் தேதியைச் சொல்லுங்கள்.