லொறிச் சேஸியின் மேல் வீட்டு வண்டி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் லொறிக்குப் பொடி, அதாவது சேஸியின் மேல் அமரும் மேற்கட்டு, கட்டும் பாஸ்மாரின் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் காலங்காலமாகப் பழகிவந்த முறையை அப்படியே எடுத்து, தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டிக்கும் பயன்படுத்துவதுதான் இவ்வேலையில் நடக்கும் முதல் தவறும் பெரிய தவறும் ஆகும். மரக்கறி ஏற்றும் லொறியின் மரப்பொடி மேலே திறந்திருப்பதால், குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் சேஸி முறுகும்போது தானும் சேர்ந்து நெளிந்து கொடுக்கிறது. அதனை யூ போல்ட் போட்டு முழு நீளத்துக்கும் இறுக்கினாலும் பாதகமில்லை. வீட்டு வண்டியின் பொடியோ ஆறு பக்கமும் மூடிய பெட்டி. பழைய பலகைத் தேயிலைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள்: மூடியில்லாத பெட்டியை எதிர் மூலைகளில் பிடித்துத் திருகினால் நெளியும், மூடியை வைத்து ஆணி அடித்துவிட்டால் அசையவே அசையாது.

சேஸி என்பது இரண்டு நீளச் சட்டங்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்ட ஏணி. பாரத்துக்காகச் சக்கரங்களின் மேல் போடப்படும் பட்டை விற்கள் விறைப்பானவை என்பதால், ஒரு சக்கரம் மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் நிலத்தைத் தொட்டிருப்பதற்குச் சேஸியின் முறுக்கமும் உதவுகிறது. முறுகாத பெட்டியை அதன் மேல் இறுகப் பூட்டினால் ஏதோ ஓரிடம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஜன்னல் மூலையோ, வெல்டிங் செய்த பொருத்தோ, சில வேளைகளில் சேஸிச் சட்டமேயோ வெடிக்கும்.

இதை நான் என் முதல் பெட்டியில்தான் கற்றேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் மூன்று மாதம் ஓடியதும் இடப்பக்க ஜன்னலின் மேல் மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு கிளம்பியது. பெட்டியைக் கட்டித்தந்த கராஜில் அது வெறும் பெயின்ட் வெடிப்பு என்று கூறிப் பட்டி பூசினார்கள். இரண்டே வாரத்தில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. பிறகு கெபினின் பின்புறத்திலும் பெட்டியின் முன்புறத்திலும் ஒரே நேராகச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இடது முன்சக்கரத்தை ஒரு தடித்த மரக்கட்டையின் மேல் ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். இரண்டு கோடுகளும் இரண்டு விரல் அகலத்துக்கு விலகி நின்றன, பின்கதவும் சாத்த முடியாதபடி இறுகிப்போயிருந்தது. பட்டியால் தீர்கிற காரியமல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

இதற்குச் செய்யவேண்டியது, பெட்டிக்கென்று தனியாக ஓர் அடிச்சட்டம் அமைத்து, அதைப் பின் அச்சின் அருகில் மட்டும் அசையாதவாறு தகடு வைத்துப் பூட்டி, முன்பக்கத்தில் கெட்டியான சுருள்வில் கோத்த போல்ட்டுகளால் பிடித்துவிடுவதாகும். சேஸி முறுகும்போது அடிச்சட்டம் முன்பக்கத்தில் சற்று எழும்பிப் பின் தானாகவே அமரும். முன்னால் ஒரு சுழல்முனை, பின்னால் இரண்டு நிலையான முனைகள் என்று மூன்றே இடத்தில் தாங்கும் முறையும் உண்டு. அது முறுக்கத்திலிருந்து பெட்டியை நன்றாகவே காக்கும். ஆனால் முழுப் பாரமும் அந்தச் சில இடங்களிலேயே குவிந்து விழுவதால், எல்ஃப், கென்டர் போன்ற சிறிய லொறிகளுக்கு நீளம் முழுவதும் பாரம் பரவும் சுருள்வில் முறையையே நான் விரும்புகிறேன். எதைத் தெரிவுசெய்தாலும் சேஸிச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது. வளைவின் விசை மிகுதியாகத் தங்குவது அந்த விளிம்புகளில்தான். துளை போட்டே ஆகவேண்டுமானால் நிமிர்ந்து நிற்கும் நடுப்பகுதியில், வாகனம் தயாரித்த நிறுவனத்தின் பொடி கட்டுவோருக்கான கையேடு அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே போடவேண்டும். அருகில் எங்கேனும் வெல்டிங் நடந்தால் பற்றரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

கெபினையும் மறந்துவிடுகிறார்கள். அது தன் றப்பர் தாங்கிகளில் தனியாக அசையும் பொருள் என்பதால் பெட்டியோடு இறுகச் சேர்க்கக் கூடாது. இடையே வழி வேண்டுமென்றால் மடிப்புள்ள றப்பர் உறைதான் போடவேண்டும். இந்த லொறிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கெபினை முன்னால் சாய்த்துத்தான் எஞ்சினைத் தொட முடியும். கெபினுக்கு மேலே நீட்டிப் படுக்கை அமைப்பவர்கள், கெபின் சாயும்போது அதன் கூரை எந்த வட்டத்தில் எழும்பும் என்பதை அளக்காமல் கட்டி முடித்துவிட்டு, முதல் பழுதிலேயே தவிக்கிறார்கள்.

அடுத்தது பாரம். அனுமதிக்கப்பட்ட மொத்தப் பாரம் 5,000 கிலோ, கெபினோடு கூடிய வெறும் சேஸி 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுகிற 2,900 கிலோ தாராளமாகத் தோன்றும். ஆனால் இரும்புக் குழாய்ச் சட்டமும் பலகையும் தகரமும் சேர்ந்தே அதில் பாதியை விழுங்கிவிடும். பிறகு 200 லீற்றர் தண்ணீர் 200 கிலோ, நான்கு பேர், கட்டில், அலுமாரி, பற்றரி, காஸ் சிலிண்டர் என்று ஏறிக்கொண்டே போகும். மொத்தத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, ஒவ்வோர் அச்சையும் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே நிறுக்கவேண்டும். தண்ணீர்த் தாங்கியைப் பின் அச்சுக்கு அப்பால் தொங்கவிட்டவரின் வண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் போகும். இறம்பொடை வளைவுகளில் நீண்ட வால் எதிர்ப்பக்கம் வீசி விளிம்புக் கல்லில் உரசும். தாங்கியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, கூடியவரை தாழ்வாக வையுங்கள். நுவரெலியாவிலிருந்து கீழே இறங்குகிற ஒவ்வொரு தடவையும் தேவையற்ற ஒவ்வொரு கிலோவும் பிரேக்கைச் சூடாக்குகிறது. மெல்லிய பலகை போதுமான இடத்தில் தடித்த பலகை போடுவது உறுதியன்று, ஆபத்து.

ஈரம் இங்கே தனிப் பகைவன். வட்டவளை போன்ற மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி இரவுகளில் சில வேளை உறைபனியும் விழும். இரண்டு பேர் மூச்சும் ஒரு பானைச் சோற்றின் ஆவியும் விடியுமுன் சுவரில் நீராகும். இரும்புச் சட்டம் வெளித் தகரத்தையும் உட்பலகையையும் நேராக இணைத்திருந்தால், சட்டம் ஓடும் கோடு நெடுகத் துளிகள் வரிசையாகப் பூத்து நிற்பதைக் காலையில் காணலாம். குளிரைத் தடுக்கச் சுவருக்குள் திணிக்கும் கண்ணாடிப் பஞ்சு அந்த நீரைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். நீர் புகாத விறைப்பான நுரைப் பலகையைச் சட்டத்தின் மேலும் இடைவிடாது மூடுமாறு ஒட்டி, கூரையில் ஒன்றும் தரையருகில் ஒன்றுமாகக் காற்றோட்டத் துவாரம் விடவேண்டும். கூரைக்குச் சிறு சரிவு கொடுங்கள், துளைகளைக் குறையுங்கள். சிலிக்கோன் பூசிய இடத்தில் பின்னர் வேறெந்தப் பசையும் பெயின்டும் பிடிக்காது என்பதால், பொருத்துகளுக்குப் பொலியூரித்தேன் பசையே ஏற்றது. அலுமினியத் தகட்டை வெறும் இரும்பின் மேல் வைத்தால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையே றப்பர் பட்டையோ நல்ல பூச்சோ தேவை.

குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். மணமில்லாத காபன் மொனொக்சைட் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் அறையை உள்ளறையிலிருந்து முற்றாக அடைத்து, அதன் தரையில் வெளியே திறக்கும் துவாரம் வைக்கவேண்டும். டீசல் ஹீற்றர் வாங்குவோர், நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், உயரத்துக்கேற்பச் சரிசெய்யக்கூடியதையே வாங்கவேண்டும்; இல்லையேல் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்.

பல லொறிகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட் விளக்குக்காக இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்தால், ஒன்று வறண்டும் மற்றது மிகையாக ஏறியும் இரண்டுமே கெடும். தனி பற்றரியோ மின்னழுத்தம் குறைக்கும் கருவியோ போடுங்கள். உருகியை (பியூஸ்) பற்றரிக்கு மிக அருகில் வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் லொறி என்றிருப்பதை மாற்றும் காரியத்தை, இரும்பு வாங்குமுன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பெட்டியைப் பூட்டியதும் உள்வேலையைத் தொடங்கிவிடாமல், கட்டிலும் அலுமாரியும் வரப்போகிற இடங்களில் அதே பாரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, கரடுமுரடான தோட்டப் பாதையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு மரக்கட்டையின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி, கதவு திறந்து மூடுகிறதா என்று பார்த்து, எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கிய பின்னரே உட்பலகையை அடிக்கவேண்டும்.