தராசுக்கு முன்னால் பாதம்

ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறிய ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளை அளக்கத் தொடங்கிய புதிதில், கன்னம் உப்பிய ஒரு 2 வயதுக் குழந்தைக்கு 'நலம்' என்று எழுதிவிட்டேன். எடையும் சரியாகத்தான் இருந்தது. உடன் வந்த மூத்த செவிலியர் ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலை வைத்து 3 விநாடி அழுத்தி எடுத்தார். இரண்டிலும் குழி அப்படியே நின்றது. நான் எடை என்று எழுதியதில் நீரும் சேர்ந்திருந்தது.

அன்றிலிருந்து தராசை எடுக்கும் முன் பாதத்தைப் பார்க்கிறேன். இரு காலிலும் குழி விழுந்தால், மற்ற எண்கள் எப்படி இருந்தாலும் அதைக் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடாகவே எடுத்துக்கொண்டு அன்றே சிகிச்சைக்கு அனுப்புங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அடியோ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வயது. அதிக நேரம் போவது இதில்தான்; போகட்டும். "ஒன்றரை இருக்கும்" என்ற பதிலை அப்படியே எழுதாதீர்கள். தடுப்பூசி அட்டையோ பிறப்புச் சான்றோ இருந்தால் தேதியைப் பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால் ஊருக்கே நினைவிருக்கும் சங்கதிகளை வைத்துக் கேளுங்கள்: வெள்ளத்துக்கு முன்பா பின்பா, அறுவடை முடிந்திருந்ததா, பக்கத்து வீட்டுக் குழந்தை அப்போது தவழ்ந்ததா? மாலையில் பதிவேட்டைப் புரட்டும்போது 12, 24, 36 மாதங்களில் குழந்தைகள் குவிந்து கிடந்தால், யாரோ கேட்காமல் ஊகித்திருக்கிறார்கள். வளர்ச்சி குன்றிய 3 வயதுக் குழந்தை பார்வைக்கு 2 வயதுபோல் இருக்கும். ஆளைப் பார்த்து வயதைப் போட்டால் அந்தக் குறை ஏட்டிலேயே மறைந்துவிடும்.

வயது துல்லியமாகத் தெரியாவிட்டாலும் கைகொடுப்பது புயச்சுற்றளவுப் பட்டை, அதாவது மேல்கையின் சுற்றளவை அளக்கும் பட்டை. 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குப் பயன்படும். இடது முழங்கையை மடக்கி, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு அந்த இடத்தில் பட்டையைச் சுற்றுங்கள். தோலை ஒட்டி இருக்க வேண்டும், தோல் சுருங்கக் கூடாது. 115 மி.மீ.க்குக் கீழே கடும் மெலிவு. 115 முதல் 125க்குள் மிதமான மெலிவு. இறுக்கிப் பிடித்தால் வரும் 2, 3 மி.மீ. வித்தியாசமே ஒரு குழந்தையை வேறு பிரிவில் தள்ளிவிடும். அழுதுகொண்டே கையை முறுக்கும் குழந்தையை அளக்காதீர்கள், காத்திருங்கள்.

தராசைத் தினமும் காலையில் எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சோதியுங்கள். செருப்பு, கனத்த உடை எல்லாம் கழற்றியாக வேண்டும். குழந்தை நிற்க மறுத்தால் தாயை ஏற்றி, எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுங்கள்; அந்த வசதியுள்ள தராசு என்றால் குழந்தையின் எடை மட்டும் வரும்.

உயரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். தனியாக அளந்தால் ஒன்று தலை சாயும், இல்லை முழங்கால் மடங்கும். 2 வயதுக்குள் படுக்க வைத்தும், அதற்கு மேல் நிற்க வைத்தும் அளக்க வேண்டும். 2 வயது தாண்டிய குழந்தையைப் படுக்க வைத்தே அளக்க நேர்ந்தால் 0.7 செ.மீ. கழியுங்கள்.

ஒப்பிட உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைகள் இருக்கின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. அட்டவணையின் நடுமதிப்புக்குக் கீழே எத்தனை திட்டவிலக்கம் தள்ளிக் குழந்தை இருக்கிறது என்பதையே -2, -3 என்கிறோம். வயதுக்கேற்ற உயரம் -2க்குக் கீழே என்றால் வளர்ச்சிக் குன்றல். உயரத்துக்கேற்ற எடை -2க்குக் கீழே என்றால் மெலிவு, -3க்குக் கீழே கடும் மெலிவு. வயதுக்கேற்ற எடையை மட்டும் பார்த்து முடிவு சொல்வது எனக்குப் பிடிக்காது. குழந்தை மெலிந்திருக்கிறதா, குட்டையாக இருக்கிறதா என்று அதில் பிரித்தறிய முடியாது. பட்டையும் உயரத்துக்கேற்ற எடையும் ஒரே குழந்தைகளைத்தான் காட்டும் என்றும் இல்லை. எது கடுமை என்று சொன்னாலும் அனுப்பிவிடுங்கள்.

எண் நம்பும்படியாக இல்லை என்றால் குழந்தை அங்கிருந்து கிளம்பும் முன் மறுபடி அளந்துவிடுங்கள். அளக்க வராத குழந்தைகளின் பெயர்களைத் தனியாகக் குறித்து வைத்து, கூட்டம் கலைந்ததும் பட்டையோடு அந்த வீடுகளுக்குப் போகிறேன். வயிற்றுப்போக்கில் துவண்டு படுத்திருக்கும் குழந்தையை யாரும் வரிசைக்குத் தூக்கி வருவதில்லை.