டுவைட் யார்க்: ஸ்ட்ரைக்கருக்கும் கோச்சுக்கும் நடுவில் நாம் விட்டுவிடும் ஆள்

டுவைட் யார்க் பேச்சு வந்தாலே நம்மவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். 1999-இல் மூன்று கோப்பை வென்ற மான்செஸ்டர் யுனைட்டெட் ஸ்ட்ரைக்கர் என்பது ஒன்று, பிரையன் லாராவின் நண்பர் என்பது இன்னொன்று. இரண்டும் சரிதான். பேச்சு அதைத் தாண்டும்போதுதான் பிசகு ஆரம்பிக்கிறது. 2024 நவம்பரில் அவர் தன் நாடான, கரீபியன் தீவுகளில் உள்ள டிரினிடாட் அண்ட் டொபேகோவின் தேசிய அணிக்குக் கோச் ஆன பிறகு பிசகுகள் இன்னும் கூடிவிட்டன.

முதல் தவறு என்னுடையது. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் யார்க் கோல் போட்டார் என்று ஒரு டீக்கடையில் அடித்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் வாதாடவில்லை, போனை எடுத்து நீட்டினார். யுனைட்டெட்டின் இரண்டு கோல்களும் கடைசி நிமிடங்களில் அவருடைய சக வீரர்கள் ஷெரிங்காமும் சோல்ஷேரும் போட்டவை. என் நினைவு எங்கே சறுக்கியது என்று அப்புறம்தான் புரிந்தது. இறுதிப்போட்டி நடந்தது பார்சிலோனாவின் கேம்ப் நூ அரங்கில். ஆறு மாதம் முன்பு, 1998 நவம்பர் 25 அன்று, அதே அரங்கில் பார்சிலோனாவோடு 3-3 என்று டிரா ஆன ஆட்டத்தில் யார்க் இரண்டு கோல் போட்டிருந்தார். அரங்கம் ஒன்று என்பதால் இரண்டு ஆட்டமும் என் மண்டைக்குள் ஒன்றாகிவிட்டது.

அந்த 3-3 ஆட்டத்தில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது யார்க் போட்ட கோலை அல்ல, அவரோடு ஜோடியாக ஆடிய ஸ்ட்ரைக்கர் ஆண்டி கோல் (Andy Cole) அடித்ததை. சக வீரர் ராய் கீன் பந்தை முன்னே தள்ளுகிறார். யார்க் அதை வாங்கப்போவதுபோல் வந்து, தொடாமல் விட்டுவிடுகிறார். பந்து பின்னால் நிற்கும் ஆண்டியிடம் போகிறது. அவர் ஒரே தொடலில் யார்க்கிடம் தட்ட, யார்க் ஒரே தொடலில் திருப்பித் தட்ட, ஆண்டி வலைக்குள் அடிக்கிறார். தடுப்பாளர்கள் ஆளைப் பார்த்துத் திரும்புவதற்குள் பந்து கடந்துபோய்விட்டது. பந்தைத் தொடாமலே ஒருவர் கோலைத் தொடங்கிவைத்தார் என்பதைக் கவனியுங்கள். யார்க்கை வெறும் கோல் இயந்திரமாக எண்ணுவது அடுத்த தவறு. அந்த சீசனில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 29 கோல் போட்டார் என்பது உண்மை. ஆனால் பிரீமியர் லீக்கில் அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணியை அவர் தனியாக வாங்கவில்லை. மைக்கேல் ஓவன், ஜிம்மி ஃபிலாய்ட் ஹாசல்பைங்க் இருவரும் அவரைப்போலவே 18 கோலில் நின்றார்கள், மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஊர் விஷயத்திலும் கவனம் வேண்டும். "டிரினிடாட்காரர்" என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். நாடு ஒன்று, தீவு இரண்டு. லாரா டிரினிடாட். யார்க் பிறந்தது சின்னத் தீவான டொபேகோவில், கானான் என்ற ஊரில். அந்தத் தீவில் அவர் பெயரில் ஒரு அரங்கமே இருக்கிறது. டொபேகோக்காரரிடம் இதை மாற்றிச் சொன்னால் முகம் மாறும். ராமநாதபுரத்துக்காரரை "மெட்ராஸ்காரர்" என்பதுபோல.

1989-இல் கரீபியன் பயணம் போன இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அணி அங்கே ஆடியபோது, அதன் மேலாளர் கிரகாம் டெய்லர் கண்ணில் பட்டார் யார்க். வாங்கிய விலை 1,20,000 பவுண்ட் என்பார்கள். 1998 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைட்டெட் கொடுத்ததோ 1 கோடியே 26 லட்சம் பவுண்ட். இடையில் உள்ள ஒன்பது வருடங்களைப் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். வில்லாவில் தொடக்க காலத்தில் அவர் பெரும்பாலும் விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், ஓடியவர். நடு ஸ்ட்ரைக்கராக நிலைபெற்றது பிறகுதான்.

இனி எனக்கு எரிச்சலூட்டும் தவறுக்கு வருகிறேன். "2002-இல் யுனைட்டெட்டை விட்டதோடு முடிந்துபோனார்" என்பது. அடுத்து ஆடிய பிளாக்பர்ன், பர்மிங்காம் கிளப் நாட்களில் பழைய யார்க் தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2005-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி எஃப்சிக்குப் போனார். அங்கே கோச் பியர் லிட்பார்ஸ்கி அவரை நடுக்களத்துக்கு இறக்கினார். அந்நாட்டு லீக்கான ஏ-லீக்கின் முதல் சீசனிலேயே சிட்னி சாம்பியன். இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான ஜோ மார்ஸ்டன் பதக்கம் யார்க்குக்கு. அப்புறம் இங்கிலாந்தின் சன்டர்லாந்து கிளப்பில், பழைய சகா ராய் கீன் மேலாளராக இருக்க, அங்கும் நடுக்கள வீரர்தான். ஸ்ட்ரைக்கராக இருந்தவர் கோச் ஆனார் என்று ஒரு வரியில் எழுதினால், இந்த மிட்ஃபீல்டர் காணாமல் போய்விடுகிறார். எதிரணியின் வலைக்கு முதுகைக் காட்டி நின்று பந்து வாங்கியவர், ஆட்டம் முழுவதையும் எதிரே பார்த்து ஆடக் கற்றது இந்த வருடங்களில்தான். கோச்சின் வேலைக்கு நெருக்கமான பார்வை அதுதானே.

நாட்டுக்காக ஆடியதைச் சொல்லும்போதும் இதே குழப்பம். டிரினிடாட் அண்ட் டொபேகோவின் அதிகபட்ச கோல்காரர் யார்க் அல்ல, 70 கோல் போட்ட ஸ்டெர்ன் ஜான். யார்க்கின் கணக்கு 19. அந்த எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டாம். 1989 நவம்பர் 19, போர்ட் ஆஃப் ஸ்பெயின். அமெரிக்காவோடு டிரா செய்தாலே உலகக் கோப்பைக்குப் போகலாம் என்ற நிலை. அரங்கமே சிவப்பு. பால் கலிஜூரி தூரத்திலிருந்து இடது காலால் அடித்த ஒரே கோலில் கதை முடிந்தது. அந்த அணியில் இருந்த யார்க்குக்கு அப்போது வயது 18. பதினாறு வருடம் கழித்து, 2005 நவம்பர் 16, பஹ்ரைனின் மனாமா. யார்க் கார்னர் அடிக்கிறார், ஆறடி ஏழு அங்குல டென்னிஸ் லாரன்ஸ் தலையால் முட்டுகிறார், 1-0. நாடு முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. 2006 ஜூன் 10 அன்று டார்ட்மண்டில் கேப்டன் யார்க், வயது 34, நடுக்களத்தில். இரண்டாம் பாதி தொடங்கிய உடனே ஏவரி ஜான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதிப் பத்துப் பேர் சுவீடனை 0-0 என்று நிறுத்தினார்கள். யார்க்கின் ஆகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான், அவர் கோலே போடாத ஆட்டத்துக்கு.

அந்த லாரன்ஸ் பின்னாளில் தேசிய அணிக்குக் கோச் ஆகி, 2017 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவை 2-1 என்று வென்று, 2018 உலகக் கோப்பைக்குப் போகவிடாமல் செய்தார். வீரராக யார்க் அளவுக்குப் பெயர் இல்லாதவர். பெரிய ஆட்டக்காரர்தான் பெரிய கோச் ஆவார் என்ற கணக்கு இங்கே உதவாது.

பெயர் இருந்தால் வேலை தானாக வரும் என்பதும் தப்புக்கணக்கு. 2009-இல் ஆட்டம் முடிந்தது, தேசிய அணியில் கோச் ரஸல் லடாபிக்கு உதவியாளராக இருந்தார். தலைமைப் பயிற்சியாளர் வேலை முதன்முதலில் கிடைத்ததோ 2022 ஜூலையில், சிட்னி புறநகர் அணியான மக்கார்தரில். விண்ணப்பித்தும் நேர்காணலுக்குக்கூட அழைப்பதில்லை என்று நடுவில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மக்கார்தரில் அவர் அரை வருடம்தான் இருந்தார், 2023 ஜனவரியில் விலகினார். இதை மட்டும் சொல்பவர்கள் "தோற்றுப்போன கோச்" என்பார்கள். 2022 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியா கோப்பையை வென்று, அந்த கிளப்புக்கு முதல் கோப்பையைக் கொடுத்ததை மட்டும் சொல்பவர்கள் "வந்ததும் வென்றவர்" என்பார்கள். இறுதிப்போட்டியில் எதிரணி இரண்டாம் நிலை லீக்கிலிருந்து வந்த சிட்னி யுனைட்டெட் 58 என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் நடத்தும் நாடுகள் என்பதால் களத்தில் இல்லை. வாய்ப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் ஜமைக்கா, குராசாவோ, பெர்முடா இருந்த பிரிவில் யார்க்கின் அணி 6 ஆட்டத்தில் 7 புள்ளியோடு நின்றுவிட்டது. 12 புள்ளி எடுத்துப் போனது குராசாவோ. 2006-இல் உலகக் கோப்பைக்கு வந்த, மக்கள்தொகையில் மிகச் சிறிய நாடு என்ற பெயர் டிரினிடாட் அண்ட் டொபேகோவுக்கு இருந்தது. அப்புறம் ஐஸ்லாந்துக்குப் போய், இப்போது குராசாவோவிடம் இருக்கிறது. அந்த குராசாவோவிடம் யார்க் தோற்கவில்லை. சொந்த மண்ணில் 0-0, அவர்கள் மண்ணில் 1-1. புள்ளிகள் கைநழுவியது மற்ற ஆட்டங்களில். கடைசி நாளில் சொந்த மண்ணில் பெர்முடாவோடு 2-2.