மூன்றாவது பிரேக் லைட்டை இடம் மாற்றும்போது வயர் எங்கிருந்து எடுப்பது?

பின் கண்ணாடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டை ஸ்பாய்லருக்கோ (டிக்கி மேல் பொருத்தும் இறக்கை போன்ற பாகம்) டிக்கி மூடிக்கோ மாற்றும்போது, பக்கத்து டெயில் லைட்டிலிருந்து வயர் இழுக்காதீர்கள். பழைய லைட்டின் கனெக்டரிலிருந்தே நீட்டிக்கொள்ளுங்கள். அதே மாதிரி ஆண், பெண் கனெக்டர் (ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஜோடி) வாங்கி ஒரு நீட்டிப்பு வயர் செய்துவிட்டால், காரின் ஒரிஜினல் வயரில் கத்தியே படாது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

காரணம் இதுதான்: சில கார்களில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்புதான். அங்கிருந்து எடுத்தால் இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் மூன்றாவது லைட்டும் சிமிட்டும், பின்னால் வருபவர் குழம்பிப்போவார். பழைய கனெக்டரில் பிரேக் சிக்னல் மட்டுமே வரும், எர்த்தும் அதிலேயே இருக்கும்.

டிக்கி மூடிக்குப் போகும் வயரை, கீல் அருகே உள்ள ரப்பர் குழாய்க்குள்ளேயே விடுங்கள். மூடியை முழுசாகத் திறந்த நிலையில் வயர் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் திறந்து மூடித் திறந்து மூடி உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது. இணைப்புகளை சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள். வெறும் டேப் வெயிலில் பிசுபிசுத்து உரிந்துவிடும்.

பல்பு லைட்டைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவதானால் இது மட்டும் போதாது. பல்பைக் கண்காணிக்கும் கார்களில் டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும், அதற்கேற்ற ரெசிஸ்டரும் வேண்டும். புதிய இடம் காரின் நடுக்கோட்டை விட்டு விலகினாலோ, இரு பக்கத்து பிரேக் லைட்டுகளைவிடத் தாழ்ந்தாலோ மாற்றவே வேண்டாம்.