இரண்டு நேரியல் சமன்பாடுகள்: வரைந்தும் தீர்த்தும் விடை காண்பது எப்படி?

3x + 2y = 7, 2x − 5y = 3 என்ற இணையை எடுத்துக்கொள்வோம். அளவுகோலை எடுக்கும் முன் கெழுக்களின் (x, y-க்கு முன்னுள்ள எண்களின்) விகிதத்தைப் பாருங்கள். x-க்கு 3/2, y-க்கு 2/(−5). இரண்டும் வேறு வேறு, ஆகவே கோடுகள் ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இவை சமமாக இருந்து மாறிலிகளின் விகிதம் மட்டும் மாறினால் இணைகோடுகள், தீர்வே இல்லை. மூன்றும் சமமென்றால் இரண்டும் ஒரே கோடுதான். அதன் மேலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தீர்வு.

இனி வரைபடம். முதல் சமன்பாட்டில் x = 0 என்று போட்டால் y = 3.5; y = 0 என்றால் x = 7/3. 7/3-ஐக் கட்டத்தாளில் துல்லியமாகக் குறிக்க முடியாது, கோடு விலகுவது இங்கேதான். முழு எண் புள்ளியைத் தேடுவதே நல்லது. x = 1 என்றால் y = 2. ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவை தாமே வரும்: சாய்வு −3/2 என்பதால் x-இல் 2 கூட்டும்போது y-இல் 3 குறையும். ஆக (−1, 5), (1, 2), (3, −1). இரண்டாவது கோட்டின் சாய்வு 2/5. (−1, −1)-இல் தொடங்கினால் (4, 1), (−6, −3) கிடைக்கும்.

இரு அச்சுகளிலும் 1 செ.மீ = 1 அலகு போதும். கோடு வரைய இரண்டு புள்ளிகள் போதும்தான், ஆனாலும் மூன்றாவதை விடாதீர்கள். மூன்றும் ஒரே நேரில் அமையவில்லை என்றால் கணக்கில் எங்கோ குறி தவறியிருக்கிறது. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் பென்சில் முனையின் தடிமனே கோட்டைச் சாய்த்துவிடும். தள்ளித் தள்ளி எடுங்கள்.

வெட்டும் புள்ளி ஏறக்குறைய (2.2, 0.3) என்று தெரியும். வரைபடத்திடம் இதற்குமேல் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. கோடுகள் குறுகிய கோணத்தில் வெட்டினால் இந்த அளவுக்குக்கூடப் படிக்க முடியாது.

சரியான மதிப்புக்கு நீக்கல் முறை. முதலாவதை 2-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்குங்கள்:

6x + 4y = 14
6x − 15y = 9

கழிக்கும்போது 4y − (−15y) = 19y, வலப்பக்கம் 5. y = 5/19. இங்கே அடைப்புக்குறியை விட்டுவிட்டு −11y என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அப்போது y = −5/11 என்று வரும்; வெட்டும் புள்ளி x அச்சுக்கு மேலே இருக்க, விடை குறை எண்ணாக வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். முதலில் வரைந்துவிடச் சொல்வது இதற்காகத்தான்.

y-ஐ முதல் சமன்பாட்டில் இட, 3x = 7 − 10/19 = 123/19, x = 41/19. சரிபார்ப்பதை இரண்டாவது சமன்பாட்டில் செய்யுங்கள்: 82/19 − 25/19 = 57/19 = 3. முதலாவதிலேயே சரிபார்த்தால் பயனில்லை; தவறான y-ஐ இட்டு x கண்டிருந்தாலும் அது ஒத்துப்போகும்.

ஏதாவது ஒரு கெழு 1 அல்லது −1 ஆக இருந்தால் பிரதியிடல் முறை (ஒரு மாறியை மற்றதைக் கொண்டு எழுதி அடுத்த சமன்பாட்டில் இடுவது) சுருக்கம். நீக்கும்போது இரு மாறிகளும் சேர்ந்தே மறைந்து 0 = 0 என வந்தால் ஒரே கோடு, 0 = 4 போல வந்தால் இணைகோடுகள்.