சவுரி கட்டினாலும் நெற்றி முடி நிற்க வேண்டும்: நாட்டியப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு

நாட்டியம் கற்கும் பெண்பிள்ளைகளுக்கு முடி மெலிய ஆரம்பிக்கிற இடம் உச்சந்தலை இல்லை. நெற்றியின் இரண்டு ஓரமும், காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கமும்தான் முதலில் வெறிச்சென்று ஆகும். போர் தண்ணீர், ஷாம்பு, பரம்பரை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: இழுப்பு. கும்பகோணத்தில் பல வருஷமாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். சலங்கை பூஜை, அரங்கேற்றம், கோயில் நிகழ்ச்சி என்று என் பிள்ளைகளுக்கு நானே சவுரி, அதாவது பொய்முடி, வைத்துப் பின்னிவிடுவேன். முடி கொட்டுகிறது என்று வருகிற அம்மாக்கள் எல்லோரும் கேட்பது, "டீச்சர், என்ன எண்ணெய் தேய்க்கலாம்?" என்றுதான். எண்ணெயைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் முடிச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

பின்னல் முடியைக் காக்கும் என்பது உண்மைதான். விரித்துவிட்ட முடி சிக்காகும், பஸ் காற்றில் காய்ந்து நுனி பிளக்கும், பின்னிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் "இறுக்கிப் பின்னினாத்தான் முடி நீளமா வளரும்" என்று பாட்டிகள் சொல்வதில் அந்த "இறுக்கி" மட்டும் தவறு. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். அது தோலுக்குள்ளே வேர் செய்கிற வேலை, வெளியிலிருந்து இழுத்து வேகப்படுத்த முடியாது. தினமும் இழுபட்டால் வேரைச் சுற்றி அழற்சி வரும். முடி மெலிந்துகொண்டே போய், வளரும் காலம் முடியும் முன்பே உதிரும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் வேர் இருந்த இடத்தில் தழும்பு விழுந்துவிடும், அதன் பிறகு அங்கே முடி வராது.

தோல் மருத்துவர்கள் இதை டிராக்‌ஷன் அலோபீஷியா என்பார்கள். இழுப்பால் வரும் முடி இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு மட்டும் உள்ளதல்ல. 1907லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம், முடியை இறுக்கி உச்சியில் கட்டுகிற வழக்கத்தால் ஓரம் வழுக்கையானதை எழுதி வைத்திருக்கிறார்கள். சீக்கியப் பையன்களுக்கு உச்சிக் குடுமி இறுக்கத்தால் வருகிறது. இதை அதிகமாக ஆராய்ந்திருப்பது கறுப்பினப் பெண்களிடம்தான். பொடிப் பொடியாகப் பின்னுகிற அவர்களுடைய பின்னல்களும், அதோடு சேர்த்துப் பின்னும் செயற்கை முடியும் நம் சவுரிக்கு நெருங்கிய உறவு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்து 2007ல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. ரசாயனம் போட்டு நேராக்கிய முடியை இறுக்கிப் பின்னினால் ஆபத்து இன்னும் கூடும் என்பதும் அந்த ஊர் மருத்துவர்களிடமிருந்து வந்த எச்சரிக்கைதான். காலேஜ் போகிற பெண்கள் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டு அரங்கேற்றத்துக்கு வந்து உட்காரும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் அடையாளம் வலி. ஜடையை அவிழ்த்த பிறகும் நெற்றி ஓரத்தைத் தொட்டால் பிள்ளை முகம் சுளிக்கிறாளா என்று பாருங்கள். முடி முளைக்கிற இடத்தில் சின்னச் சின்னச் சிவந்த பருக்கள் வரலாம். இன்னொன்று பல அம்மாக்களை ஏமாற்றிவிடும்: வேருக்குப் பக்கத்தில் முடியைச் சுற்றி வெள்ளையாகக் குழாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர் என்று நினைத்து ஈர்க்கொல்லியால் இழுத்து இழுத்து வாருவார்கள், பேன் மருந்து போடுவார்கள். இரண்டு விரலால் பிடித்து நகர்த்திப் பாருங்கள். ஈர் முடியோடு ஒட்டியிருக்கும், நகராது. இது வழுக்கிக்கொண்டு நுனி வரைக்கும் வந்துவிடும். அப்படி வந்தால் அது பேன் சமாச்சாரம் இல்லை, இறுக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். ஈர்க்கொல்லியைக் கீழே வையுங்கள்.

கொஞ்சம் முற்றினால் நெற்றியின் ஓரத்தில் ஒரு வரிசை பொடிமுடி மட்டும் நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு விரல்கடை அகலத்துக்கு முடி கொட்டிப் போயிருக்கும். அந்தப் பொடிமுடி கட்டுக்குள் சிக்காத குட்டை முடி, அதனால்தான் தப்பித்து நிற்கிறது. 2011ல் அமெரிக்க மருத்துவர்கள் இந்த ஓர வரிசையை இந்த நோயின் தனி அடையாளமாகவே எழுதியிருக்கிறார்கள். மேடையில் அழகாக இல்லை என்று அந்தப் பொடிமுடியையும் ஜெல் போட்டு அமுக்கிப் பின்னால் இழுத்துவிடாதீர்கள்.

புழுவெட்டு என்று முடிவுகட்டிச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கிறவர்கள் உண்டு. புழுவெட்டு பெரும்பாலும் காசு மாதிரி வட்டமாக, வழுவழுப்பாக, திடீரென்று வரும். இழுப்பால் வருவது கோடு போல ஓரத்தை ஒட்டி, மெதுவாக, பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் பரவலாகக் கொட்டுவது வேறு கதை, அது தானாகவே நிற்கும். எரிச்சலில் இருக்கிற தோலில் வெங்காயமும் இஞ்சியும் தேய்த்தால் புண்தான் மிஞ்சும்.

இனி கட்டுகிற முறைக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிகழ்ச்சி அன்று காலையில் தலைக்குக் குளிக்க வைக்காதீர்கள், முந்தின நாளே குளித்துவிடட்டும். புதிதாக ஷாம்பு போட்ட முடி வழுக்கும், யூ பின் நிற்காது, நிற்கவில்லை என்று கட்டுகிறவர் இன்னும் இறுக்குவார். ஈர முடியில் கட்டவே கூடாது. ஈரத்தில் முடி நீளும், பலம் குறையும், எளிதாக அறும். நன்றாகக் காய்ந்த முடியில் உள்ளங்கையில் பூசிய அளவு எண்ணெய் போதும்.

அடுத்தது, எந்த முடி சுமை தூக்குகிறது என்று முடிவு செய்வது. வழக்கமாக எல்லா முடியையும் நெற்றியிலிருந்தே வாரி, பின்னால் ஒரே குதிரைவாலாக இறுக்கி, அந்த முடிச்சில் சவுரியைக் கட்டுவார்கள். சவுரி, குஞ்சலம், ஜடைநாகம், ராக்கொடி, பூ என்று எல்லா எடையும் அந்த முடிச்சில் தொங்கும். இழுப்பு முழுக்க நெற்றி ஓரத்து மெல்லிய முடிக்குப் போய்ச்சேரும். நான் செய்வது வேறு. நடு வகிடு எடுத்துவிட்டு, நெற்றியிலிருந்தும் காதோரத்திலிருந்தும் மூன்று விரல் அகலத்துக்கு முடியைத் தனியாகப் பிரித்து முன்னால் கிளிப் போட்டுவிடுவேன். மிச்சமிருக்கிற பின்மண்டை முடிதான் அடர்த்தியானது, பலமானது. அதை மட்டும் துணி சுற்றிய பேண்டால் கட்டி, சவுரியை அதில் கோத்துக் கறுப்பு நூலால் சுற்றுவேன். சுமை முழுவதும் அங்கே நின்றுவிடும். பிறகு முன்னால் விட்டுவைத்த முடியைத் தளர்வாகப் பின்னால் கொண்டுபோய் முடிச்சின் மேல் போர்த்தி இரண்டு பின் குத்தினால் போதும். அந்த முடி எதையும் தூக்காது, மூடுகிற வேலைதான் அதற்கு. சபையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

முடிச்சின் இடமும் முக்கியம். உச்சியை நோக்கி ஏற ஏற நெற்றியில் இழுப்பு கூடும். ராக்கொடி மேலே உட்கார வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பின் குத்தி உட்கார வையுங்கள், ஜடையின் முடிச்சு ஒரு அங்குலம் கீழேயே இருக்கட்டும்.

எடையைக் குறைப்பது அம்மாக்கள் கையில் இருக்கிறது. சவுரியையும் குஞ்சலத்தையும் ஜடைச்சாமானையும் சமையலறைத் தராசில் வைத்து ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பூவும் சேர்த்துக் கால் கிலோவைத் தாண்டினால் ஏதாவது ஒன்றை எடுத்துவிடச் சொல்வது என் வழக்கம். மல்லிகையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்தால் சரத்தின் எடை ஏறிக்கொண்டே போகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வரை சவுரி தேவையே இல்லை. இடுப்பு வரைக்கும் வைத்தால் ஆட்டத்துக்கும் சௌகரியம், திரும்பும்போது முகத்தில் வந்து அடிக்காது.

நெத்திச்சுட்டியும் சூரிய சந்திரனும் குத்துகிற இடம் எப்போதும் நெற்றி ஓரத்து நாலு முடிதான். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அதே முடியில் குத்தினால் அந்த இடம் மெலியும். சுட்டியின் இரண்டு கைகளிலும் நூல் கட்டிப் பின்மண்டையில் முடிச்சுப் போட்டுவிட்டால் ஹேர்பின்னுக்கு வேலை குறையும். கட்டி முடித்ததும் பிள்ளையைப் புருவத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், குனிந்து பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அரைமண்டியில் உட்கார்ந்து இரண்டு தட்டடவு போடச் சொல்லுங்கள். கண்ணின் ஓரம் மேலே இழுபட்டுத் தெரிந்தாலோ, நெற்றித் தோல் முடியின் வேரில் குட்டிக் கூடாரம் போல எழும்பி நின்றாலோ அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். "இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கோ பாப்பா" என்று சொல்லிப் பழக்கியிருக்கிறோம். பிள்ளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிடுகிறார்கள். வலிக்கிறது என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று என் வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நிகழ்ச்சி முடிந்தால் அன்றிரவே அவிழ்க்க வேண்டும். எத்தனை மணியானாலும் சரி, களைத்துப்போன பிள்ளையை அப்படியே படுக்க வைக்கக் கூடாது. பூ, பிறகு நகை, பிறகு பின், கடைசியில் நூல். நூலை வெட்டும்போது விரலைக் கீழே கொடுத்து வெட்டுங்கள், இருட்டுக் காரில் கத்தரி போட்டுச் சொந்த முடியை வெட்டியவர்கள் உண்டு. அவிழ்த்தவுடன் சீப்பு வேண்டாம். ஸ்பிரே போட்ட முடி ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய் தொட்ட விரலால் பிரித்துவிட்டு, தளர்வாக ஒரு பின்னல் போட்டுத் தூங்க வையுங்கள். மறுநாள் சீயக்காயோ ஷாம்புவோ, எது பழக்கமோ அது. அடுத்த ஒரு வாரம் கொண்டை, இறுக்க ஜடை எதுவும் வேண்டாம்.

வகுப்புக்கு வருவதற்குச் சாதாரணப் பின்னல் போதும். சவுரியோடு ஒத்திகை பார்க்க வேண்டியது நிகழ்ச்சிக்கு முன் ஓரிரு முறைதான்.

மேடை என்னவோ எப்போதாவதுதான், பள்ளிக்கூடம் தினமும் இருக்கிறது. காலை ஏழு மணி அவசரத்தில் ஈரத் தலையை இரண்டாக வகிர்ந்து, மடித்து, ரிப்பன் போட்டு இறுக்கி அனுப்புகிறோம். சாயங்காலம் அதே தலையோடு நாட்டிய வகுப்பு. வகிடு ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் கோடு அகலமாகிக்கொண்டே வரும். வாரத்துக்கு ஒருமுறை வகிட்டை அரை விரல் தள்ளி எடுங்கள். காதுக்கு மேல் பின்ன ஆரம்பிக்காமல் காதுக்குக் கீழே ஆரம்பியுங்கள். துணி சுற்றாத வெறும் ரப்பர் பேண்ட் வேண்டாம், கழற்றும்போது பத்து முடியைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். விழுந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, இல்லாவிட்டால் நடுவில் அறுந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை குமிழோடு விழுவது எல்லோருக்கும் இயல்பு. அறுந்த துண்டுகள் நிறைய இருந்தால் பேண்டையும் சீப்பையும் ஈரப் பின்னலையும் சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே ஓரம் மெலிந்துவிட்டதா? முதல் மருந்து இழுப்பை நிறுத்துவது, அதுவும் முழுதாக, மாதக்கணக்கில். தாழ்வான தளர்ந்த பின்னல், அல்லது தோள் வரை வெட்டிவிடுவது. வேர் உயிரோடு இருந்தால் மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடி தலைகாட்டும், நன்றாகத் தெரிய ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகலாம். மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரத்தில் அதே கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது, பிள்ளைக்குக் கவலைதான் கூடும். விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ முடியை வழுவழுப்பாக்கி அறுவதைக் குறைக்கலாம், இழுபட்டுப்போன வேரை எழுப்பாது. அழுத்தித் தேய்க்கிற மசாஜ் வேண்டவே வேண்டாம்.

பரு, சீழ், வலி இருந்தால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, புறநோயாளியாகப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. அழற்சியைத் தணிக்கப் பூசும் மருந்தோ, தேவைப்பட்டால் முடி வளரத் தூண்டும் மினாக்ஸிடில் மருந்தோ அவர் எழுதித் தருவார். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்கு நீங்களாகப் போடாதீர்கள். தோல் பளபளவென்று, முடிக்கண்ணே தெரியாமல் ஆகிவிட்டால் அங்கே முடி திரும்புவது கடினம். அந்த நிலையில் முடி நடுவது ஒன்றுதான் மிச்சமிருக்கிற வழி, அதுவும் எல்லோருக்கும் ஒத்துவராது.

அரங்கேற்றத் தேதி குறித்தாகிவிட்டது, பிள்ளைக்கு நெற்றி மெலிந்திருக்கிறது என்றால் பயப்படாதீர்கள். முடி நிறத்திலேயே ஒரு துளி கண்மையைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் ஒற்றினால் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. புண்ணோ பருவோ இருந்தால் மட்டும் அதுவும் வேண்டாம். ஜடைக்குப் பதிலாகப் பிடரியில் தாழ்ந்த கொண்டை போட்டு இரண்டு சுற்றுப் பூ வைத்தால் மேடைக்கு நிறைவாகவே இருக்கும். வெளியிலிருந்து மேக்கப்காரர் வருகிறார் என்றால் அவரிடம் முந்தின நாளே போனில் பேசிவிடுங்கள்: முன்முடியைப் பிரித்து விட்டுவிட்டுப் பின்முடியில் சவுரி கட்டச் சொல்லி, மெலிந்த இடத்தின் போட்டோவையும் அனுப்பிவையுங்கள். காலை ஐந்து மணிக்கு, கையில் சீப்போடு அவர் அவசரத்தில் நிற்கும்போது சொன்னால் காதில் ஏறாது.